மேசையில் கேட்ட பேச்சு

நான் கடைசியாக வேலை பார்த்த ஓட்டலில், புதிதாகச் சேர்ந்திருக்கும் பரிமாறுபவர்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். போனேன். அங்கே இப்போது சீனச் சாப்பாடு கேட்டு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு தட்டாக எல்லாம் வந்துவிடுகிறது. நூடுல்ஸ் ஒரு குவியல், சோறு ஒரு குவியல், கறி ஒரு கரண்டி. நான்கு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து நான்கு தனிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் தொழில் பழகிய கடையில் சோற்றையோ கறியையோ ஒருவருக்கென்று தனித் தட்டில் வைத்ததில்லை என்று சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "அப்ப யாரும் எச்சி பாக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டாள்.

பார்ப்பார்கள் என்றேன். அதற்குள் மதியக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. அவளுக்குச் சொல்லாமல் விட்டதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொரு விஷயமும் சேர்ந்து வந்துவிட்டது.

1954இல் புதுச்சேரியில் கொடி மாறியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அரியாங்குப்பத்தில் எங்களுக்கிருந்த நிலம் அண்ணன்கள் இருவருக்கே போதவில்லை. நான் ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வந்து, உப்பளம் பகுதியில் ஓர் அறை பிடித்து, ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் மேசை வேலை செய்துகொண்டிருந்தேன். மறு ஆண்டே அவர் பெட்டி கட்டினார். எனக்கு மிச்சமானது கொஞ்சம் பிரெஞ்சும், ஒரு கையில் நான்கு தட்டு தூக்கும் பழக்கமும்தான்.

அந்தச் சமயத்தில் சைகோனிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்மூர்க்காரர்கள், எங்கள் பேச்சில் சொல்தாக்கள். சிலர் அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். மதாம் மேய் அப்படி வந்தவர்களில் ஒருவர். சைகோனை ஒட்டிய சீனர் பேட்டையில் பிறந்தவர். நம்மூர்க் குமாஸ்தா ஒருவரை மணந்து, வரும் வழியில் கப்பலிலேயே அவரைப் பறிகொடுத்து, கணவர் வீட்டுக்குத் தனியாக வந்து இறங்கியவர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த அந்த வீட்டின் முன்கூடத்தில் ஏழு மேசை போட்டு உணவுக்கடை திறந்தார். நான் போய் நின்றேன். என் பெயர் நடேசன் என்றதும், "நதேஸ்" என்றார். அதற்குப் பிறகு அங்கே நான் நதேஸ்தான்.

முதல் ஓராண்டை விட்டுவிடுகிறேன். அதில் கிண்ணம் உடைத்ததும் திட்டு வாங்கியதும் தவிர ஒன்றுமில்லை. வீட்டில் கேட்டால் ஓட்டல் வேலை என்பேன். என்ன கறி என்று அம்மா கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கடையில் முக்கியமாக மூன்று இருந்தன. முதலாவது மீ. ஊர்க்காரர்கள் அதைச் சீனச் சேமியா என்பார்கள். கோதுமை மாவில் வாத்து முட்டையும் சாம்பல் தெளிவுநீரும் விட்டுப் பிசைந்து, பலகையில் வைத்து, மேலே ஒரு மூங்கிலைப் போடுவார் மதாம். மூங்கிலின் ஒரு முனை சுவர்த் துளைக்குள் இருக்கும். மறுமுனையில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, ஒரு காலால் தரையை உந்தி உந்தி எழும்புவார். மாவு நசுங்கி, மடிந்து, மறுபடி நசுங்கும். ஒரு மணி நேரம் ஆனபின் அதை நூலாக நறுக்குவார். கொதிநீரில் இருபது எண்ணும்வரை, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி கொதிநீரில் ஐந்து. பிறகு எலும்புச் சாறு, சுட்ட பன்றிக்கறித் துண்டு, வெங்காயத்தாள்.

இரண்டாவது, முதல் நாள் வடித்து மூங்கில் தட்டில் ஆறவிட்ட சோற்றை இரும்புச் சட்டியில் வறுப்பது. மூன்றாவதுதான் கடைக்குப் பெயர் வாங்கித் தந்தது. கொழுப்பும் தசையும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுக் கறியைப் பெரிய கட்டிகளாக வெட்டி, சர்க்கரையைக் கருகும் பதத்துக்கு உருக்கி அதில் புரட்டி, இளநீர் ஊற்றி, மீன்சாறு விட்டு, அவித்த வாத்து முட்டைகளோடு மூன்று மணி நேரம் சிறு தீயில் விடுவது. சைகோன் போய் வந்தவர்கள் அதன் வாசனைக்கே தெருமுனையில் நின்றுவிடுவார்கள். பன்றி வேண்டாம் என்பவர்களுக்குக் கோழி உண்டு. அதற்குத் தனிச் சட்டி, தனிக் கத்தி, தனி அடுப்பு. கேட்கிறவருக்குத் தெரியப்போவதில்லையே என்று சமையற்கட்டில் ஒருத்தி கத்தியை மாற்றி எடுத்தபோது, மதாம் அந்தக் கோழியையே குப்பையில் போடச் சொன்னார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தவறு செய்தால் வேலையை நிறுத்திவிட்டு, நாம் அதைச் சரிசெய்யும்வரை அருகில் வந்து நிற்பார். அது போதும். பரிமாறும் மேசைக்காரர்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. அதை நான் சேர்ந்த அன்றே சொன்னார். "மேச பேச்சு, மேச அழுக்கு. ரெண்டும் துணில தொட. கழுவு. வெளிய எடுத்துப் போவாத." ஒருவர் சாப்பிடும்போது சொன்னதை, கேட்ட மேசைக்காரன் வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. வேறு எந்தக் குற்றத்தையும் மன்னிப்பார்.

எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். கொடி மாறிய பிறகு கடலூர்ப் பக்கத்திலிருந்து புது உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். ஒரு நாள் அவர்களில் ஆறு பேர் கடைக்கு வந்தார்கள். மதாம் வழக்கப்படி சோற்றுத் தட்டையும் கோழித் தட்டையும் நடுவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஆறு பேரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை நீட்டவில்லை. ஒருவர் கை பட்டதை மற்றவர் எப்படி எடுப்பது? ஆளுக்கொரு இலை கேட்டார் ஒருவர். எங்களிடம் இலை இல்லை. ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மதாம் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

நான் ஒரு பெரிய கரண்டியைத் தட்டில் வைத்து, காம்பை மூத்தவராகத் தெரிந்தவர் பக்கம் திருப்பினேன். "சார், இங்க வழக்கம் என்னான்னா, தானா போட்டுக்கக் கூடாது. பக்கத்துல இருக்கறவருக்குப் போடணும். அவரு அடுத்தவருக்குப் போடுவாரு" என்றேன். அப்படி ஒரு வழக்கம் இல்லை. அந்த நிமிடத்தில் நான் கட்டிவிட்டதுதான். ஆனால் பரிமாறுவது நம்மவர்களுக்குத் தெரிந்த காரியம். அவர் எழுந்தே நின்று அடுத்தவருக்குச் சோறு போட்டார். கரண்டி மேசையைச் சுற்றி வந்தது. "போதும் போதும்", "இன்னுங் கொஞ்சம் வெய்யி" என்று பேச்சு கிளம்பிவிட்டது. மறுநாளிலிருந்து எல்லா மேசைக்கும் அந்தக் கரண்டி வந்தது. மதாம் பாராட்டவில்லை. கூடத்துப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். ஆறு ஆண்டு அதைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் சர்ழான் கோவிந்தசாமி வரத் தொடங்கினார். ஊரை ஒட்டிய சாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பட்டாளத்தில் சர்ழான், அதாவது சார்ஜண்ட், பதவி வரை போய்ப் பத்தாண்டு கழித்துத் திரும்பியவர். மனைவி ஹோவா சைகோன் பெண், கத்தோலிக்கர், தமிழ் தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிறுதோறும் ஹோவா பிள்ளைகளோடு பூசைக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வருவார். கோவிந்தசாமிக்கு மாதா கோயிலில் வேலை இல்லை. அரை மணி முன்னதாகவே வந்து நான்காம் மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பார். அந்த அரை மணியில் அவர் பேசியதெல்லாம் என்னிடம்தான்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான் நடேசா" என்று ஒரு ஞாயிறு சொன்னார். "சாரத்துல. அவன் ஆத்தாள கட்டி ஏழு மாசத்துல கப்பலேறிட்டேன். ஆம்பளப் புள்ளன்னு கடுதாசிதான் வந்துச்சு."

"மதாமுக்குத் தெரியுமா சார்?"

"ஹோவாவுக்கா? தெரிஞ்சா புள்ளைங்கள தூக்கிகிட்டு அடுத்த கப்பல்ல போயிடுவா."

அதற்குப் பிறகு வாரம் ஒரு செய்தியாக வந்தது. பையன் பெயர் ராசேந்திரன். கணக்கில் கெட்டி. வலது காதுக்கு முன்னால் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை, கோவிந்தசாமிக்கும் அவர் அப்பாவுக்கும் இருப்பது மாதிரியே; அந்தக் கடுதாசியிலேயே எழுதியிருந்ததாம். பள்ளிக்கூடம் விடும்போது எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவாராம். கிட்டே போனதில்லை. ஹோவாவும் பிள்ளைகளும் வாசலில் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "மீ நாலு" என்பார். நானும் மேசையைத் துடைப்பேன்.

1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதத் தவணை. எழுதிக் கொடுக்கும் தகப்பன், வயது வராத பிள்ளைகளின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள். கடையில் எல்லா மேசையிலும் அதே பேச்சு. கோவிந்தசாமி எழுதிக் கொடுத்துவிட்டார், இரண்டு பெண்களின் பெயரை மட்டும் போட்டு. அதையும் அவரே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த சில வாரங்களில் ஒரு ஞாயிறு மதியம், கூடம் நிறைந்திருக்கும்போது, ஒரு பெண்மணி உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வயல்வேலைக் கை. பின்னால் சட்டையை வெளுத்துப் போட்ட பதினைந்து வயதுப் பையன். எனக்கு யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காதைப் பார்த்தேன்.

நான்காம் மேசையில் கோவிந்தசாமி குடும்பத்துக்கு அப்போதுதான் வயிற்றுக் கறி வைத்திருந்தேன். அந்தப் பெண்மணி நேராக அங்கே போனார். பெயர் தனபாக்கியம் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

"நான் சண்ட போட வரல" என்றார். "புள்ளைங்க பேரெல்லாம் எழுதிக் குடுத்தியாமே. இவன் பேரையும் எழுதிடு. ஒரு கையெழுத்து. நான் போயிடறேன்."

கோவிந்தசாமி குச்சியைக் கீழே வைத்தார். "யாரும்மா நீ? ஆளு மாறி வந்துட்டியா?"

"இவனுக்குச் சொல்லு அத. என் பக்கம் பாக்காத. இவன பாத்துச் சொல்லு."

"எனக்கு இவங்கள தெரியாது" என்று அவர் கூடத்துக்குப் பொதுவாகச் சொன்னார். ஹோவாவிடம் பிரெஞ்சில், யாரோ பைத்தியக்காரி என்றார்.

ஹோவா தனபாக்கியத்தைப் பார்க்கவில்லை. பையனின் முகத்தைப் பார்த்தார், பிறகு காதை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணின் தலைமயிரை ஒதுக்கி அவள் காதைப் பார்த்தார். அவளுக்கும் அந்தத் துளை உண்டு. மயிரைப் பழையபடி விட்டார்.

மதாம் மேய் உள்ளேயிருந்து இரண்டு கிண்ணங்களோடு வந்து அவற்றை அந்த மேசையில் வைத்தார். "உக்காரு. சாப்டு. அப்புறம் பேசு" என்றார். தனபாக்கியம் கிண்ணத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு வரலம்மா" என்று சொல்லிவிட்டுப் பையனின் தோளைத் தொட்டுத் திருப்பினார். அவன் வாசலை எட்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். என்னை அல்ல, தகப்பனின் வாயை.

நான் கையில் தேநீர்க் கெண்டியோடு நின்றிருந்தேன். எல்லாம் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

அன்று மேசைகளை ஒழித்தபிறகு மதாமிடம் சொன்னேன். "அது அவரு பையன்தான் மதாம். அவரே எங்கிட்ட சொல்லியிருக்காரு."

"தெரியும். நானும் காது பார்த்தேன்."

"நான் போயி சொல்லட்டுமா?"

அவர் துடைத்துக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நாளைக்கி எவன் இங்க உக்காந்து வாய் தெறப்பான்? இங்க வர்றவன் எல்லாம் வீட்டுல பேச முடியாதவன். இங்க பேசறான். நீ சொன்னா, அவன் எங்க போவான்?"

அதில் பிழை இருப்பதாக எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் மறுநாள் திங்கள், எனக்கு விடுமுறை. சாரத்துக்குப் போய் விசாரித்து, தனபாக்கியம் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு இதுல என்னா தம்பி?" என்று கேட்டார். சந்தேகம்தான். நான் கேட்டதையெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்று பார்ப்பதைச் சொன்னபோது அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அவன் பிரான்சு போணும்னு நான் கேக்கல" என்றார். "அப்பன் பேரு தெரியாதவன்னு நாளைக்கி எந்தக் காகிதத்துலயும் வந்துடக் கூடாது. அவ்ளோதான்."

கல்யாணம் கோயிலில் நடந்ததே தவிரப் பதிவாகவில்லை. பத்திரம் எழுதும் நொத்தேர், இரண்டு பேர் சாட்சி சொன்னால் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். கல்யாணத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர் தயார். இன்னொருவர் உறவல்லாத வெளியாளாக இருக்க வேண்டும். இரண்டு வாரமாக அந்த ஆள் கிடைக்கவில்லை. தவணை நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

வியாழன் காலை நொத்தேர் அறையில் உட்கார்ந்தோம். கோவிந்தசாமியையும் வரச் சொல்லியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது. நொத்தேர் என்னிடம் கேட்டார், நான் சொன்னேன். எந்த மேசை, எந்தப் பேச்சு, பையனின் பெயர், காது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பாதியில் கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

"ஏன்டா, மனசு கேக்காம உங்கிட்ட சொன்னத இங்க வந்து கக்கறியா? என் மேசைல நின்னு கேட்டதடா அது!"

நொத்தேர் பேனாவை எடுத்தார். "அப்படியானால் இவர் சொல்வது நீங்கள் சொன்னதுதான், முசியே?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

கோவிந்தசாமி நின்றபடியே இருந்தார். தனபாக்கியம் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி உட்கார்ந்தார். "எங்க போடணும்?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டார். சாட்சிப் பத்திரம் தேவைப்படவில்லை. தகப்பனே ஒப்புக்கொண்டதாக எழுதி, குடியுரிமைக் காகிதத்தில் பையன் பெயரையும் சேர்த்தார்கள்.

கடைக்குத் திரும்பியபோது மதாமுக்குச் செய்தி எட்டியிருந்தது. கோவிந்தசாமி எனக்கு முன்பே வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்.

"போனியா?" என்று மதாம் கேட்டார்.

"போனேன் மதாம்."

"நீ செஞ்சது நல்லது. ஆனா இனி நீ மேசைக்கி வேணாம்."

பரிமாறும்போது கட்டும் மேல்துணியைக் கழற்றி மடித்து வைத்தேன். வாசல் பக்கம் திரும்பினேன். "அங்க இல்ல" என்றார். சமையற்கட்டைக் காட்டினார். "அங்க யாரும் பேச மாட்டான். போ."

அன்று மாலையே என்னை மூங்கிலில் ஏற்றி உட்கார வைத்தார். முப்பத்தொரு வயதில் முதல்முறையாக மாவு தொட்டேன். முதல் பத்து நாள் நறுக்கியதெல்லாம் தடியும் மெல்லிசுமாகக் கிடந்தது. மதாம் அருகில் வந்து நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆண்டு, அந்தக் கடையிலும் அது மூடிய பின் வேறு ஓட்டல்களிலும், அடுப்படிதான் என் தொழில். கூடத்தில் மறுபடி நான் பரிமாறியதில்லை.

கோவிந்தசாமி குடும்பம் மார்கழியில் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலில் போனது. ராசேந்திரன் அவர்களோடு போகவில்லை. தாயோடு சாரத்தில் இருந்து படிப்பை முடித்து, சில ஆண்டு கழித்துத் தன் காகிதத்தை வைத்துக்கொண்டு தானாகப் போனான் என்று கேள்விப்பட்டேன். அங்கே தகப்பனைப் பார்த்தானா என்பது தெரியாது.

அவர்கள் ரயிலேறுவதற்கு முந்தின ஞாயிறு நான் அடுப்பில் இருந்தேன். கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுச்சுவரில் ஒரு சதுரத் துளை உண்டு, தட்டுகள் அதன் வழியாகத்தான் போகும். வழக்கமாகக் கூடத்து ஆள் துளையில் குரல் கொடுப்பான். அன்று மதாமே உள்ளே வந்தார்.

"நாலாம் மேச. ஆறு பேர். மீ ஆறு. ஒண்ணு கோழி, தனிச் சட்டி. வயித்துக் கறி பெரிய தட்டு."

அந்தக் குடும்பம் நான்கு பேர்தானே என்று அவரைப் பார்த்தேன்.

"ஹோவா ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. அந்த அம்மா வந்துட்டா, பையனோட" என்றார்.

நான் தனி அடுப்பை மூட்டிக் கோழியைப் போட்டேன். ஐந்து பேருக்கான மீயைக் கொதிநீரில் விட்டு இருபது எண்ணினேன். ஆறாவது தனிப் பாத்திரத்தில். துளை வழியாகக் குனிந்தால் நான்காம் மேசை தெரியும். குனியவில்லை. கிண்ணங்கள் போயின, கறித் தட்டு போனது. அடுத்த மேசைகளுக்குச் சோறு வறுத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணங்கள் திரும்பி வரத் தொடங்கின. சமையல்காரனுக்குக் கூடத்தைப் பற்றி அவைதான் சேதி. பெண் பிள்ளைகளுடையவை காலி. கோழிக் கிண்ணத்தில், அது தனபாக்கியத்துடையதாகத்தான் இருக்கும், பாதி இருந்தது. இன்னொன்றில் பன்றிச் சாறு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழித்தெடுத்திருந்தது.

மதாம் மறுபடி சமையற்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னொரு மீ" என்றார். "கோவிந்தசாமி கேக்கறான். 'என் பையனுக்கு இன்னொண்ணு' சொல்றான். சத்தமா சொல்றான்."

பலகையில் ஒரு பிடி மீ மிச்சம் இருந்தது. அள்ளிக் கொதிநீரில் போட்டேன்.